டிஸ்கவரி 2-க்கு சென்டர் டிஃப் லாக்: எந்த வழியில் போவது?

லேண்ட் ரோவர் 1998-இல் இரண்டாம் தலைமுறை டிஸ்கவரியை வெளியிட்டபோது ஒரு விசித்திரமான காரியம் செய்தது. முதல் டிஸ்கவரியில் இருந்த சென்டர் டிஃப் லாக் புதிய வண்டியில் இல்லை. டிஃப் (டிஃபரன்ஷியல்) என்பது இரு பக்கமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற இடம் கொடுக்கும் கியர் அமைப்பு; முன், பின் ஆக்சில்களுக்கு (சக்கர அச்சுகளுக்கு) நடுவில் இருக்கும் டிஃபைப் பூட்டி, இரண்டையும் ஒரே வேகத்தில் சுற்றவைப்பதுதான் இந்த லாக். அதைக்கூட முழுதாக எடுக்கவில்லை. கியர்பாக்ஸிலிருந்து வரும் சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்து அனுப்பும் ட்ரான்ஸ்ஃபர் பாக்ஸுக்குள் லாக் ஆவதற்கான பாகங்கள் அப்படியே கிடந்தன. அவற்றை இயக்கும் லீவர் இணைப்பை மட்டும் விட்டுவிட்டார்கள். 2001-இன் நடுவாக்கில் உள்ளே கிடந்த பாகங்களும் போயின. பிறகு 2004 மாடலில், வண்டியின் ஆயுள் முடியப்போகிற நேரத்தில், லீவரோடு லாக் திரும்ப வந்தது.

ஆகவே வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி நிற்கும் டிஸ்கவரி 2, அடியில் மூன்று விதம். பாகங்கள் உண்டு, லீவர் இல்லை. பாகங்களும் இல்லை, லீவரும் இல்லை. இரண்டும் உண்டு. ‘டிஃப் லாக் போட எவ்வளவு ஆகும்?’ என்று கேட்பவர்களுக்கு ஆளுக்கொரு பதில் கிடைப்பதற்குக் காரணம் இதுதான். ஒருவருக்கு ஒரு சனிக்கிழமை வேலை. இன்னொருவருக்கு ட்ரான்ஸ்ஃபர் பாக்ஸையே இறக்கும் வேலை. உங்கள் வண்டி எந்த விதம் என்று தெரியாமல் வழிகளை ஒப்பிடுவதில் பயனில்லை.

மாடல் வருடத்தை மட்டும் நம்பவும் கூடாது. இந்த வண்டிகளுக்கு இப்போது இருபது வயதுக்கு மேல். ட்ரான்ஸ்ஃபர் பாக்ஸ் ஒருமுறையாவது மாற்றப்பட்டிருக்கலாம். வண்டியடியில் படுத்து, பாக்ஸின் முன்பக்க அவுட்புட் ஹவுசிங்கின் (முன்சக்கரங்களுக்குச் சக்தி வெளியேறும் இடத்தின் உறை) மேல்பகுதியைக் கையால் தடவிப் பாருங்கள். இருபுறமும் தட்டையாகச் சீவிய ஒரு சின்ன உலோகத் தண்டு மேலே நீட்டிக்கொண்டிருந்தால் லாக் உள்ளே இருக்கிறது. அந்த இடம் மொட்டையாக இருந்தால் இல்லை. டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் இருந்தால் இன்னும் சுலபம்.

தண்டு இருந்தால் மட்டும் போதாது, அது வேலை செய்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். சமதரையில் வண்டியை நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, ட்ரான்ஸ்ஃபர் லீவரை நியூட்ரலில் வையுங்கள். முன்சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றினால் சுற்றும். இப்போது ஸ்பேனரால் அந்தத் தண்டைத் திருப்பிவிட்டு மறுபடி சுற்றிப் பாருங்கள். லாக் விழுந்திருந்தால், கொஞ்சம் ஆட்டம் காட்டிவிட்டுச் சக்கரம் நின்றுவிடும். இந்த வண்டியின் ஹேண்ட்பிரேக் பிடிப்பது சக்கரத்தை அல்ல, ட்ரான்ஸ்ஃபர் பாக்ஸின் பின் அவுட்புட்டை. லாக் விழுந்தால் முன் அவுட்புட்டும் அதோடு கட்டுண்டுவிடும். தண்டு துருவேறி இறுகியிருந்தால் அடித்துத் திருப்ப வேண்டாம். துரு இளக்கும் எண்ணெய் தெளித்து ஒரு நாள் ஊறவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக முன்னும் பின்னும் அசைத்தால் வழிக்கு வரும்.

டிராக்‌ஷன் கன்ட்ரோல் இருக்கிறதே, போதாதா?

லேண்ட் ரோவர் அன்று நினைத்ததும் இதைத்தான். டிஸ்கவரி 2-இல் நான்கு சக்கரத்துக்கும் எலக்ட்ரானிக் டிராக்‌ஷன் கன்ட்ரோல் வந்தது. இறக்கத்தில் வண்டியைத் தானே பிடித்து இறக்கும் ஹில் டிசென்ட் கன்ட்ரோலும் சேர்ந்து வந்தது. இவ்வளவு இருக்க, ஓட்டுநர் லீவரைத் தள்ளி லாக் போடுவது எதற்கு என்று முடிவு செய்தார்கள்.

அந்த முடிவில் பாதி நியாயம் இருக்கிறது. இந்த வண்டியில் முன் ஆக்சிலில் ஒன்று, பின் ஆக்சிலில் ஒன்று, நடுவில் ஒன்று என்று மூன்று ஓபன் டிஃப்கள், அதாவது பூட்டு இல்லாதவை. ஓபன் டிஃப் இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் கொடுக்கும். பிடி குறைந்த பக்கம் எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் மறுபக்கத்துக்கும் போகும். நான்கில் ஒரு சக்கரம் காற்றில் தொங்கினால் மற்ற மூன்றும் சும்மா நிற்கும். பெயருக்குத்தான் நான்கு சக்கர ஓட்டம். டிராக்‌ஷன் கன்ட்ரோல் அந்தச் சுற்றும் சக்கரத்தை பிரேக் போட்டுப் பிடிக்கிறது. பிரேக்கோடு இன்ஜின் மல்லுக்கட்ட வேண்டியிருப்பதால் மறுபக்கத்துக்கும் அதே விசை போகிறது. குறுக்காக இரண்டு சக்கரங்கள் தூக்கிக்கொள்ளும் பள்ளத்தில்கூட இது நன்றாகவே வேலை செய்யும். வெறும் சென்டர் லாக் மட்டும் உள்ள பழைய டிஸ்கவரி அங்கே நின்றுவிடும். அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மீதிப் பாதியில்தான் சிக்கல். முதலில் சக்கரம் சுற்ற வேண்டும், பிறகுதான் கணினிக்குத் தெரியும், அப்புறம்தான் பிரேக் பிடிக்கும். ஈரப் புல்லேறிய செங்குத்து ஏற்றத்தில் அந்தச் சில நொடிகளுக்குள் வண்டியின் வேகம் செத்துவிடும், அடியிலிருக்கும் மண்ணும் கிளறிப் போயிருக்கும். லாக் போட்டிருந்தால் முன்சக்கரங்கள் மட்டும் தனியாகப் பிய்த்துக்கொண்டு சுற்ற வழியே இல்லை. முன்னில் ஒன்றும் பின்னில் ஒன்றும் சேர்ந்து பிடி விட்டால்தான் வண்டி நிற்கும். அப்போதும் டிராக்‌ஷன் கன்ட்ரோல் அந்த இரண்டை மட்டும் கவனித்தால் போதும். லாக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோலும் ஒன்றுக்கு ஒன்று மாற்று என்று பேசுவதே தவறு. இரண்டும் சேர்ந்த டிஸ்கவரி 2, ஒன்று மட்டும் உள்ள எந்த டிஸ்கவரியையும்விட நன்றாக ஏறும். லேண்ட் ரோவர் 2004-இல் இறங்கிவந்ததும் அதனால்தான் என்று நினைக்கிறேன்.

இதற்கு மேல் எனக்குப் பெரிதாகத் தெரியும் மூன்று காரணங்கள் உண்டு. பிடியைப் பற்றிப் பேசும்போது இவை யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

முதலாவது, வண்டியின் வயது. டிராக்‌ஷன் கன்ட்ரோல், ஏபிஎஸ், ஹில் டிசென்ட் மூன்றும் ஒரே மூளையையும் ஒரே பம்பையும் நம்பி இருக்கின்றன. ஏபிஎஸ் பம்புத் தொகுதியில் உள்ள ஷட்டில் வால்வ் சுவிட்ச் ஒன்று மக்கர் செய்தாலோ, ஒரு சக்கரத்தின் சென்சார் கம்பி அறுந்தாலோ டேஷ்போர்டில் மூன்று எச்சரிக்கை விளக்கும் சேர்ந்து எரியும். டிஸ்கவரி 2 வைத்திருப்பவர்கள் அவற்றுக்கு ‘மூன்று நண்பர்கள்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அந்த நண்பர்கள் வந்த நிமிடத்திலிருந்து உங்களிடம் இருப்பது மூன்று ஓபன் டிஃப்கள் மட்டுமே. இரும்பால் ஆன லாக்குக்கு மின்சாரம் தேவையில்லை.

இரண்டாவது, ட்ரான்ஸ்ஃபர் பாக்ஸிலிருந்து ஆக்சிலுக்குச் சக்தியைக் கொண்டுபோகும் ப்ராப் ஷாஃப்ட். டிஸ்கவரி 2-இன் முன் ப்ராப் ஷாஃப்ட்டில் உள்ள இரட்டை மூட்டு பேர்போன பலவீனம். கிரீஸ் அடிக்க நிப்பிள் இல்லாத மூட்டு, வெப்பம் கக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது. உள்ளே காய்ந்துபோய் ஒரு நாள் உடையும். உடைந்த ஷாஃப்ட் சுழன்று அடித்ததில் ஆட்டோ கியர்பாக்ஸின் உறையே ஓட்டையான கதைகள் ஏராளம். அந்த அளவுக்குப் போகாமல் வெறும் மூட்டோடு நின்றால், ஷாஃப்ட்டைக் கழற்றிப் பின்னால் போட்டுவிட்டு, சென்டர் லாக் போட்டுப் பின்சக்கர ஓட்டத்தில் வீடு வரலாம். லாக் இல்லாவிட்டால் ஒரு அடி நகராது. இன்ஜினின் சக்தி முழுவதும், தண்ணீர் பள்ளத்தைத் தேடி ஓடுவதுபோல, ஒன்றும் மாட்டாத அந்த முன் அவுட்புட் வழியாகவே போய்விடும். இங்கே டிராக்‌ஷன் கன்ட்ரோலும் உதவாது, ஏனென்றால் பிரேக் போட்டு நிறுத்த அங்கே சக்கரமே இல்லை.

மூன்றாவது, ட்ரான்ஸ்ஃபர் பாக்ஸின் உடம்பு. சேற்றில் ஒரு ஆக்சில் நின்று மறு ஆக்சில் சுற்றும்போது சென்டர் டிஃபுக்குள் இருக்கும் நான்கு சின்ன கியர்களும் தங்கள் தண்டின் மேல் அசுர வேகத்தில் சுழல்கின்றன. வளைவில் திரும்பும்போது வரும் மெதுவான சுழற்சிக்காகச் செய்யப்பட்ட இடம் அது. எண்ணெய் அங்கே போதிய அளவு போய்ச் சேராது. தண்டு தேய்ந்து, சூட்டில் கியர் ஒட்டிக்கொண்டு டிஃப் சிதறுவதும் உண்டு. லாக் போட்டால் அந்த கியர்கள் சுழலவே மாட்டா.

இறக்கமும் ஜாக்கியும் சின்ன விஷயங்கள், ஒரு வரியில் சொல்லிவிடலாம். செங்குத்து இறக்கத்தில் லாக் போட்டிருந்தால் இன்ஜின் பிரேக்கிங் நான்கு சக்கரத்துக்கும் பகிர்ந்து போகும். ஹேண்ட்பிரேக்கை மட்டும் நம்பிப் பின்சக்கரம் ஒன்றைத் தூக்கினால் வண்டி உருள வாய்ப்புண்டு. லாக் உள்ள வண்டிகளின் கையேடு ஜாக்கி வைக்கும்முன் லாக் போடச் சொல்வது அதனால்தான்.

சும்மா விட்டுவிடுவது

இதுவும் ஒரு வழிதான், அதைக் கேவலமாகப் பார்க்க வேண்டியதில்லை. வண்டி பெரும்பாலும் தார்ச்சாலையில், எப்போதாவது மண்சாலையில், குளிர்காலத்தில் கொஞ்சம் பனியில் ஓடுகிறது என்றால் சென்டர் லாக்குக்குச் செலவிடும் பணத்தை நல்ல டயருக்கும், முன் ப்ராப் ஷாஃப்ட்டைக் கிரீஸ் நிப்பிள் உள்ளதாக மாற்றவும், ஏபிஎஸ் கோளாறைச் சரிசெய்யவும் செலவிடுங்கள். மூன்று விளக்கு எரிந்துகொண்டிருக்கும் வண்டியில் லாக் பற்றி யோசிப்பது இரண்டாவது வேலை.

ஸ்பேனரோடு அடியில் படுப்பது

பாகங்கள் உள்ளே இருக்கும் 1999–2001 வண்டிக்காரர்களுக்கு மட்டும் கிடைத்த வழி இது. செலவு கிட்டத்தட்ட இல்லை. பாதை தொடங்கும் இடத்தில் இறங்கி, அடியில் போய்த் தண்டைத் திருப்பிவிட்டு, தார்ச்சாலை வந்ததும் மறுபடி இறங்கித் திருப்ப வேண்டும். அவசரத்துக்கு, அதாவது ப்ராப் ஷாஃப்ட் உடைந்தால் வீடு வருவதற்கு, இது போதும். அதற்காகவாவது தண்டுக்கு எண்ணெய் விட்டு இலகுவாக வைத்துக்கொள்வது நல்லது.

அன்றாட முறையாக இதை நான் சொல்ல மாட்டேன். லாக் தேவைப்படும் இடம் பெரும்பாலும் சேறு. சேற்றில் சரிந்து நிற்கும் இரண்டு டன் வண்டியின் அடியில் படுப்பது ஆபத்து. லாக் போட்டிருப்பதைக் காட்ட டேஷ்போர்டில் விளக்கும் இருக்காது. மறந்து காய்ந்த சாலையில் ஓட்டினால் முன்னும் பின்னும் வேறு வேறு தூரம் ஓட வேண்டிய ஷாஃப்ட்கள் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும். ஸ்டியரிங் கனக்கும், டயர் கீச்சிடும், கடைசியில் பலவீனமான பாகம் எதுவோ அது போகும்.

லீவர் இணைப்பு

பாகங்கள் உள்ள வண்டிக்கு இதுதான் சரியான தீர்வு என்பது என் கருத்து. இதில் இரண்டு கிளைகள்.

ஒன்று, கம்பெனி வழி. லாக்கோடு வந்த கடைசி டிஸ்கவரி 2-இன் லீவர் தொகுதியை வாங்கி மாட்டுவது. லீவரை முன்பின் தள்ளினால் ஹை (சாதாரண ஓட்டம்), லோ (மெதுவான, பலமான ஓட்டம்). பக்கவாட்டில் தள்ளினால் லாக். பார்ப்பவருக்கு ஃபேக்டரியிலேயே வந்ததுபோல இருக்கும். முதல் டிஸ்கவரியின் லீவர் பாகங்களை வெட்டி ஒட்டி இதே வேலையை மலிவாக முடித்தவர்களும் உண்டு, ஆனால் அதற்குக் கைத்திறன் வேண்டும். நடு கன்சோலைக் கழற்ற வேண்டும், சத்தம் தடுக்கும் விரிப்பைத் தூக்க வேண்டும், டனலுக்கும் (வண்டித் தரையின் நடு மேடு) பாக்ஸுக்கும் நடுவில் கை நுழையாத இடத்தில் கிளிப் மாட்ட வேண்டும். கியர்பாக்ஸின் பின்பக்கத்தைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டால் வேலை ஓடும்.

இன்னொன்று கேபிள். தண்டில் ஒரு சின்னக் கை மாட்டி, அதிலிருந்து புஷ்–புல் கேபிள் ஒன்றை உள்ளே கொண்டுவந்து கைப்பிடி வைப்பது. பழைய லீவரைத் தொட வேண்டியதில்லை. இதில் ஒரு வேலை மிச்சம் என்பது மட்டுமல்ல, ஹை–லோவுக்கும் லாக்குக்கும் தனித்தனிக் கைப்பிடி என்பதால் குழப்பமும் குறைவு. குறை கேபிளில்தான். எக்ஸாஸ்ட் குழாய்க்கு அருகே விட்டால் உறை உருகும், தண்ணீர் புகுந்தால் உள்ளே துருப்பிடிக்கும். பாதையை யோசித்து வளைத்து, கூர்மையான மடிப்பு இல்லாமல் கொண்டுவந்தால் பல வருடம் உழைக்கும்.

இரண்டில் எதை எடுப்பது? வண்டியை விற்கும் எண்ணம் இருந்தால் லீவர். வைத்து ஓட்டும் எண்ணம் இருந்து, சொந்தமாக வேலை செய்பவர் என்றால் கேபிள். வேலையை மெக்கானிக்கிடம் கொடுப்பதானால் மறுபடி லீவர், ஏனென்றால் பத்து வருடம் கழித்து வேறொரு மெக்கானிக் பார்க்கும்போது அவருக்குப் புரிய வேண்டும்.

எதை எடுத்தாலும் எச்சரிக்கை விளக்கை விட்டுவிடாதீர்கள். பாக்ஸில் லாக் நிலையை உணரும் சுவிட்சிலிருந்து ஒரு கம்பி இழுத்து டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு வைத்தால் போதும். கைப்பிடியின் நிலையை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது. கைப்பிடியைத் திரும்பத் தள்ளிய பிறகும் முறுக்கு இறங்காமல் லாக் உள்ளே பிடித்துக்கொண்டிருப்பது சாதாரணம். விளக்கு அணைந்தால்தான் லாக் விலகியது என்று அர்த்தம்.

உள்ளே ஒன்றுமே இல்லாத வண்டிக்கு

2001 நடுப்பகுதிக்கும் 2003-க்கும் இடைப்பட்ட வண்டிக்காரர்கள் பாவம். இவர்களுக்கும் இரண்டு கிளைகள், ஆனால் இரண்டும் எண்ணெய் வடித்துத் தொடங்குபவை.

டிஸ்கவரியின் ட்ரான்ஸ்ஃபர் பாக்ஸின் பெயர் எல்டி230. அதில் லாக் நடப்பது முன் அவுட்புட் ஹவுசிங்குக்குள். முன் அவுட்புட் ஷாஃப்ட்டின் மேல் பல்லுள்ள ஒரு வளையம் முன்னும் பின்னும் நகரும். நகர்ந்து டிஃபோடு கோத்துக்கொண்டால் லாக். அந்த வளையம், அதைத் தள்ளும் ஃபோர்க், தண்டு, அவற்றுக்கு இடம் கொடுக்கும் ஹவுசிங், ஷாஃப்ட் எல்லாம் வேண்டும். பழைய பாக்ஸ் ஒன்றிலிருந்து எடுத்து உங்கள் பாக்ஸில் மாற்றலாம், செய்திருக்கிறார்கள். ஆனால் பாக்ஸைத் திறந்துவிட்டால் பேரிங் முன்னழுத்தம், ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) கனம், தேய்ந்த டிஃப் என்று ஒவ்வொன்றாகக் கண்ணில் படும். அளந்து பொருத்தும் கருவியும் பொறுமையும் உள்ளவருக்கு மட்டுமே இது மலிவான வழி.

மற்றவர்களுக்கு நான் சொல்வது முழு பாக்ஸை மாற்றுவதைத்தான். எல்டி230 என்பது 1983-இலிருந்து 2016-இல் பழைய டிஃபெண்டர் நிற்கும்வரை லேண்ட் ரோவர் செய்த பாக்ஸ். பிரிட்டனில் வண்டி உடைத்து விற்கும் இடங்களில் இதற்குப் பஞ்சமில்லை. எந்த எல்டி230 என்பதில்தான் கவனம் வேண்டும்.

லாக் உள்ள டிஸ்கவரி 2-இன் பாக்ஸ் கிடைத்தால் யோசிக்க வேண்டியதே இல்லை, அப்படியே உட்காரும். அது அபூர்வம் என்பதால் விலை கூட. 1999–2001 டிஸ்கவரி 2-இன் பாக்ஸும் அதே அளவு நல்லது. விற்பவருக்கே அதற்குள் லாக் இருப்பது பல நேரம் தெரியாது, அதனால் மலிவாகவும் கிடைக்கும். மொட்டை பாக்ஸ் வைத்திருப்பவர்கள் தேட வேண்டியது இதைத்தான்.

முதல் டிஸ்கவரியின் பாக்ஸும் மாட்டும். ஹை ரேஞ்ச் விகிதம் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான், சுமார் 1.2, லோ ரேஞ்ச் 3.32. ஆனால் அதில் ஸ்பீடோமீட்டர் கேபிளுக்கான வாய் இருக்கும். டிஸ்கவரி 2 தன் வேகத்தை ஏபிஎஸ் சக்கர சென்சாரிலிருந்து எடுத்துக்கொள்வதால் அந்த வாயை அடைத்துவிட வேண்டும். லோ ரேஞ்சைக் கணினிக்குச் சொல்லும் சுவிட்சை மறக்காமல் உங்கள் பாக்ஸிலிருந்து மாற்றிக்கொள்ள வேண்டும். தொண்ணூறுகளின் தொடக்கத்துப் பாக்ஸ் என்றால் இன்னொரு சோதனை: கியர்பாக்ஸிலிருந்து வரும் ஷாஃப்ட் நுழையும் உள்ளீட்டு கியரில் எண்ணெய்த் துளை இருக்கிறதா என்று பாருங்கள். பழையவற்றில் துளை கிடையாது. அங்குள்ள பற்கள் காய்ந்தபடி ஓடித் தேய்ந்து, ஒரு நாள் கியர் மாற்றும்போது டொக்கென்று சத்தம் வர ஆரம்பிக்கும். துளையிட்ட கியர் போட்டே ஏற்றுங்கள்.

டிஃபெண்டர் பாக்ஸை மலிவாகத் தருகிறார்கள் என்று வாங்கிவிடாதீர்கள். அதன் ஹை ரேஞ்ச் 1.41. நெடுஞ்சாலையில் அதே வேகத்துக்கு இன்ஜின் ஆறில் ஒரு பங்கு கூடுதலாகச் சுற்ற வேண்டும். டீசல் டிடி5 இன்ஜினுக்கும் பெட்ரோல் வி8 இன்ஜினுக்கும் எரிபொருள் கணக்கு கெடும், காதும் வலிக்கும். மிகப் பெரிய டயர் போட்டு, மலைப்பாதைக்கு மட்டும் என்று வைத்திருக்கும் வண்டிக்கு வேண்டுமானால் அதுவே வரமாக அமையலாம்.

பாக்ஸை இறக்கி ஏற்றுவது ஒருவர் மட்டும் செய்கிற வேலை இல்லை. கியர்பாக்ஸ் ஜாக்கி வேண்டும், துணைக்கு ஆள் வேண்டும். எப்படியும் கழற்றியாகிவிட்டது என்பதால் இடைத்தண்டின் ஓ–ரிங், அவுட்புட் சீல்கள் இவற்றைப் புதிதாகப் போட்டுவிடுங்கள். எல்டி230 எண்ணெய் கசியாமல் இருப்பதே அதிசயம். மேலே ஏற்றிய பிறகு கசிந்தால் மறுபடி இதே கூத்து. பொருத்துவதற்கு முன்னால் மேசையில் வைத்தே லாக்கைப் போட்டு எடுத்துப் பார்த்துவிடுவது புத்திசாலித்தனம்.

தானே பகிர்ந்தளிக்கும் சென்டர் டிஃப்

லீவரே வேண்டாம் என்பவர்களுக்கு ஏடிபி (முறுக்குவிசையைத் தானே பகிரும்) வகை சென்டர் டிஃப் உண்டு. எல்டி230-க்கு ஆஷ்கிராஃப்ட் நிறுவனம் செய்து விற்கிறது. உள்ளே சாய்பல் கியர்கள். ஒரு ஆக்சில் நழுவத் தொடங்கும்போதே அந்த கியர்கள் உறையோடு உரசி, பிடி உள்ள ஆக்சிலுக்கு அதிக விசையைத் தள்ளும். ஓட்டுநர் ஒன்றும் செய்ய வேண்டாம், காய்ந்த சாலையிலும் முறுக்கிக்கொள்ளாது. 2002-இல் வந்த ரேஞ்ச் ரோவரில் லேண்ட் ரோவரே டோர்சன் சென்டர் டிஃபைப் போட்டது. இதுவும் அந்த இனம்தான்.

பனி, மழை, சரளை என்று மாறி மாறி வரும் சாலையில் தினமும் ஓட்டுபவருக்கு இது லாக்கைவிட நல்லது. அந்தச் சாலையில் லாக்கைப் போடவும் எடுக்கவும் நேரம் இருக்காது. ஆனால் இந்த டிஃப் செய்வது பெருக்கல். ஒரு பக்கம் இருக்கும் பிடியைச் சில மடங்கு பெருக்கி மறுபக்கம் கொடுக்கும். ஒரு பக்கம் பூஜ்யம் என்றால் எத்தனை மடங்கு பெருக்கினாலும் பூஜ்யம்தான். சக்கரம் காற்றில் தொங்கும்போது டிராக்‌ஷன் கன்ட்ரோல் பிரேக் போட்டுக் கொஞ்சம் எதிர்ப்பை உண்டாக்கிக் கொடுத்தால் இது நன்றாக வேலை செய்யும். ப்ராப் ஷாஃப்ட் உடைந்தால் ஒன்றுக்கும் ஆகாது. பாக்ஸைத் திறந்தே பொருத்த வேண்டும், விலையும் அதிகம். காட்டுப்பாதைக்காக மட்டும் இதை வாங்குவதை நான் ஏற்க மாட்டேன்.

ஆக்சில் லாக்கரை முதலில் போட்டால்?

சிலர் சென்டரை விட்டுவிட்டு நேராகப் பின் ஆக்சிலுக்கு ஏஆர்பி ஏர் லாக்கரோ (காற்றழுத்தத்தால் ஆக்சில் டிஃபைப் பூட்டுவது) ஈட்டன் ட்ரூட்ராக்கோ (விசையைத் தானே பகிரும் ஆக்சில் டிஃப்) வாங்குகிறார்கள். சென்டர் ஓபனாக இருக்கும்போது பின் ஆக்சிலை எவ்வளவு இறுக்கினாலும், முன்சக்கரங்கள் ஈரப் பாறையில் வழுக்கினால் சக்தி முன்னால் ஓடிவிடும். பின்சக்கரங்கள் இரண்டும் நல்ல பிடியில் இறுகப் பூட்டி நிற்கும், வண்டி நகராது. வரிசை எப்போதும் நடுவிலிருந்து வெளியே: சென்டர், பிறகு பின், அதன்பிறகு உண்மையிலேயே தேவைப்பட்டால் முன். ஆக்சில் லாக்கர் போட்டால் முழு விசையும் ஒரே சக்கரத்தின் ஆக்சில் ஷாஃப்ட்டில் வந்து விழக்கூடும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

இதைப் படிக்கும் மஹிந்திரா தார், சுசுகி ஜிம்னி, ஃபோர்ஸ் கூர்க்கா வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வண்டியில் சென்டர் டிஃப் என்று ஒன்று கிடையாது. நான்கு சக்கர லீவரைப் போட்டவுடன் முன்னும் பின்னும் நேராகக் கோத்துக்கொள்கின்றன, அதாவது லாக் போட்ட டிஸ்கவரியின் நிலை அது. காய்ந்த தார்ச்சாலையில் 4எச்-இல் (நான்கு சக்கர ஹை ரேஞ்சில்) ஓட்டாதே என்று சொல்வதும் அதே முறுக்குக்காகத்தான். உங்களுக்குத் தேவைப்பட்டால் அது ஆக்சில் லாக்கர்; கூர்க்காவில் அதுவும் ஏற்கெனவே இருக்கிறது.

போட்ட பிறகு

லாக்கை சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும்போது போடக்கூடாது. ஆக்சிலரேட்டரை விட்டு, சக்கரங்கள் ஒரே வேகத்துக்கு வந்ததும், நின்றபடியோ மெதுவாக நேராகப் போகும்போதோ போடுங்கள். சேறு வருகிறது என்று தெரிந்தால் சேற்றுக்கு முன்னாலேயே போடுவது நல்லது. எடுக்கும்போது விளக்கு அணையவில்லை என்றால் லீவரோடு சண்டை போடாமல் சில மீட்டர் பின்னால் ஓட்டி, ஸ்டியரிங்கை இருபுறமும் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். முறுக்கு இறங்கி விளக்கு போய்விடும். மாதம் ஒருமுறை மண்தரையில் போட்டு எடுத்தால் தண்டு இறுகாது.

புதிதாகப் பொருத்திய பாக்ஸில் முதல் எண்ணெயைச் சில நூறு கிலோமீட்டரிலேயே வடித்துவிடுங்கள். இரண்டரை லிட்டருக்குள்தான் பிடிக்கும், பெரிய செலவில்லை. வடிகால் திருகில் நுண்ணிய பொடி ஒட்டியிருந்தால் கவலைப்பட வேண்டாம்; விரலில் நெருடும் துணுக்குகள் இருந்தால் விற்றவரைக் கூப்பிட வேண்டிய நேரம் வந்துவிட்டது. பிரிட்டனில் இருப்பவர்கள் காப்பீட்டு நிறுவனத்துக்கு ஒரு வரி எழுதிப் போட்டுவிடுங்கள். 2004 மாடலில் கம்பெனியே கொடுத்த பாகம் என்று குறிப்பிட்டால் பெரும்பாலும் மேற்கொண்டு கேள்வி வராது.